படகின் நேற்று

கடலில் மிதக்கும் மிதவூரின் துறையில் காலைப் படகு கிளம்பும் முன், அது தானே எழுதிவைத்த நேற்றைய பதிவை உரக்க வாசிப்பார்கள். பயணிகள் நின்று கேட்பார்கள். பழுதைச் சொல்லாத படகு ஒன்று கவிழ்ந்த பிறகு வந்த சட்டம் அது. நேற்று நடந்ததைச் சொல்லாத எந்திரத்தில் இன்று யாரும் ஏறக்கூடாது. வாசிக்கும்போது எதையும் விடவும் கூடாது.

வாசிப்பவள் தெக்லா. அன்று கட்டளைத்திரையில் பதிவைத் திறந்ததும் முதல் சில வரிகள் ஒழுங்காக வந்தன. பிறகு கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகக் கொட்டியது.

துறையில் கல்யாணக் கூட்டம். மாப்பிள்ளை சந்தியாகு கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தான். அக்கரைக் கோயிலில் மணப்பெண் பிலோமி காத்திருந்தாள். பதிவை வாசிக்காவிட்டால் படகு இன்று அசையாது. வேறு படகும் இல்லை.

“என்ன தாயி, படகுக்கு வாய் கோணிக்கிச்சா?” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை பிரகாசி.

தெக்லா நிமிரவில்லை. கோப்பைப் படிக்கும் அனுமதி சரியாக இருந்தது. எழுத்துமுறையும் சரி. இது என்ன வகைக் கோப்பு என்று படகுக் கணினியின் லினக்ஸிடம் கேட்டாள். எழுத்தல்ல, வெறும் தரவு என்றது. எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்தாள். சுக்கான், மின்கலம், வேகம் எல்லாம் நலம். மிச்சமிருந்தது ஒலி. எந்திரத்தில் விநோதச் சத்தம் கேட்டால் பயணிகள் நடுக்கம்பத்துப் பொத்தானை அழுத்துவார்கள், படகு அதைப் பதிந்துகொள்ளும். ஒலி வைக்கும் இடம் நிரம்பிவிட்டதால், படகு அதைப் பதிவுக்குள்ளேயே திணித்திருந்தது.

ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள். உடனே கழற்றிவிட்டுச் சந்தியாகுவைத் தனியே கூப்பிட்டாள். நேற்று மாலை வேறு ஆளில்லாத படகில் அவன் அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி வந்திருக்கிறான். பொத்தான் அவன் தோளுக்கடியில்.

“இத விட்டுட்டு வாசிக்க முடியாதாக்கா?”

“முடியாது. வேண்டாம்னா படகு நிக்கும். நீயே சொல்லு.”

சந்தியாகு கடலைப் பார்த்தான். சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டான். “போடுங்க” என்றான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. “பிலோமி, ஒண்ணு சொல்லணும். எனக்குக் கடல்னா பயம்.” இருமல். மறுபடி, சிரித்துக்கொண்டே சொல்வதுபோல: “பிலோமி, ஒனக்கொரு வேடிக்கை சொல்லட்டா? தண்ணியப் பாத்தாலே எனக்கு...” படகு ஆடியிருக்க வேண்டும். “மாதாவே” என்று ஓர் அலறல். பிறகு மறுபடி முதலிலிருந்து.

மிதவூரிலேயே பிறந்தவன். கடலடியில் குழாய் பழுதுபார்க்கும் பெண்ணைக் கட்டப்போகிறவன். துறையில் எல்லாரும் சிரிப்பை அடக்கிப் பார்த்தார்கள். இரண்டாவது ‘மாதாவே’ வந்தபோது முடியவில்லை.

பிரகாசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதுக்கா ஒத்திகை பாத்த? ஊருக்கே தெரியும்ல. அவராச் சொல்லுற வரைக்கும் யாரும் கேக்காதீங்கன்னு பிலோமிதான் எங்க வாயக் கட்டிப்போட்டுருக்கா.”

சந்தியாகுவும் சிரித்தான்.

தெக்லா பச்சை விளக்கைப் போட்டாள். கூட்டம் ஏறியது. பழக்கத்தில் அவன் நடுக்கம்பத்தை நோக்கிப் போனான். அத்தை குறுக்கே கையை நீட்டினாள்.

“அத விட்டுட்டு இதப் பிடி. நாளைக்கும் ஒன் கதையத்தான் கேக்கணுமா?”