வெறுங்கை அந்தோனியார்

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி."

"கேளும்மா."

"கோபப்படக் கூடாது."

"உன்கிட்ட நான் என்னிக்கு கோபப்பட்டேன்? கேளு."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நாளைக்குக் கேக்குறேன். இப்ப நீ போய் சாப்பிடு."

மருத்துவமனைக் கட்டிலில் நடந்த அந்தப் பேச்சைப் பெரியவள் எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். பேசும்போதெல்லாம் கழன்று 'டக் டக்' என்று மானத்தை வாங்கும் அம்மாவின் பல் செட்கூட அன்று சமர்த்தாக இருந்தது. அந்த 'நாளைக்கு' மட்டும் வரவில்லை. விடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

நாற்பத்திரண்டு நாள் கழித்து, புதன்கிழமை காலையில், அவள் இதைச் சர்வேயரிடம் சொன்னாள். சர்வேயர் முப்பது வருஷம் தீ விபத்துக் காப்பீட்டில் இருந்தவர். எரிந்த கட்டடத்துக்குள் கைகட்டி நடந்து, நெருப்பு எந்த மூலையில் பிறந்தது என்று சாம்பலைப் பார்த்துச் சொல்பவர். அவருடைய மனைவி, முன்னாள் டைப்பிஸ்ட், குறிப்பேடும் பென்சிலுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மாவோட குழியைத் தோண்டிப் பார்க்கணும்னு பாதர்கிட்ட மனு குடுத்திருக்கேன் சார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்றேன், அதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்துட்டு வான்னார்."

டைப்பிஸ்டின் பென்சில் முனை ஒடிந்தது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் சர்வேயர்.

முதல் என்பது பதினோரு வருஷத்துக்கு முந்தையது. அப்பா இல்லாத வீடு. அம்மா தையல்காரி. தையல் மெஷினுக்கு மேலே மரத்தட்டில், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார் சிலை. பெரியவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். தம்பி சின்னவன் பல் செட் செய்யும் லேபில் சேர்ந்து, கூட வேலை செய்தவனோடு ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகத் தொடங்கினான். கடவுள் ஒருவரைத் தவிர வேறு யாரிடமும் வேண்டக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள்.

"நேரா கடவுள்கிட்டப் பேசலாமேம்மா, நடுவுல எதுக்கு ஆளு?" என்பான் சின்னவன்.

"உனக்குக் காய்ச்சல்னா பக்கத்து வீட்டு அத்தையையும் ஜெபிக்கச் சொல்றேன்ல? அத்தையைக் கும்பிடவா செய்றேன்? இவரும் அப்படித்தான்டா."

"அத்தை உயிரோட இருக்காங்க. இது மண்ணு."

அம்மா சிரித்து விட்டுவிட்டிருப்பாள். பெரியவளால் முடியவில்லை. "இந்த மண்ணு முன்னாடி அழுது அழுதுதான் அம்மா உன்னைப் படிக்க வெச்சா. வெளிய போ. நீ திரும்ப இந்தப் படி மிதிச்சா நான் இறங்கிப் போயிடுவேன்," என்று கத்தினாள். சின்னவன் அன்று மாலையே போனான்.

மறுநாள் அம்மா அந்தோனியாரின் கையிலிருந்த குழந்தையைத் திருகி எடுத்தாள். "என் பிள்ளையைக் கூட்டிட்டு வா. உன் பிள்ளையைத் தரேன்," என்றாள் சிலையைப் பார்த்து. பாதர் கேள்விப்பட்டு, "இது விசுவாசம் இல்லம்மா, பேரம்," என்று கடிந்துகொண்டார். அம்மா அசையவில்லை. குழந்தையை ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு வாயைத் தைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பதினோரு வருஷம் அந்தோனியார் வெறுங்கையோடு நின்றார்.

"அந்தப் பையை நான்தான் பெட்டிக்குள்ள அம்மா கைப்பக்கமா வெச்சேன். உள்ள கெட்டியா தட்டுப்பட்டுச்சு," என்றாள் பெரியவள். "போன ஞாயித்துக்கிழமை வீட்டைப் பூட்டிட்டுப் பூசைக்குப் போனேன். வந்து பார்த்தா, பூட்டு பூட்டினபடி. அவர் கையில குழந்தை."

அவள் தண்ணீர் குடித்தாள்.

"குழந்தையோட அடியில ரோஸ் நிறத்துல என்னவோ பிதுங்கி நிக்குது சார். சதை மாதிரி. மண்ணுக்குள்ளேர்ந்து அம்மாவே கொண்டுவந்து வெச்சிருக்கா. கேக்க வந்ததைக் கேக்காம அவளால படுக்க முடியல. வீட்ல எந்த ரூமுக்குப் போனாலும் யாரோ பேச வாயெடுத்து நிறுத்துற மாதிரியே இருக்கு."

மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனார்கள். தையல் மெஷின் மேல் பாதி தைத்த சட்டைக் கை ஊசியோடு நின்றிருந்தது. அம்மாவின் செருப்பு கதவோரம், இப்போதுதான் கழற்றியதுபோல, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகக் கிடந்தது. பெரியவள் எதையும் நகர்த்தவில்லை. தூசிகூடத் தட்டவில்லை. அந்தோனியாரின் தலையிலும் தோளிலும் பாதத்திலும் சாம்பல்நிறத் தூசி படிந்திருந்தது. குழந்தை மட்டும் பளிச்சென்று இருந்தது, குளிப்பாட்டி எடுத்ததுபோல.

சர்வேயர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த ரோஸ் நிறப் பிதுக்கலை நகத்தால் அழுத்திப் பார்த்தார். நகத்தின் தடம் அதில் அப்படியே நின்றது.

"மெழுகு," என்றார்.

"மெழுகுவத்தி உருகினது!" என்றார் டைப்பிஸ்ட்.

"இந்த வீட்ல எல்லா மெழுகுவத்தியும் வெள்ளை."

பேச்சுச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அத்தை வந்தார். வந்த வேகத்தில் கை தானாக அந்தோனியாரின் பாதத்தை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!" என்றார் சர்வேயர்.

அத்தை கையை இழுத்துக்கொண்டார். "ஐயோ, பழக்கம் சார். பாதத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்காம நாங்க யாரும் இவர்கிட்ட நிக்க மாட்டோம்."

"உங்ககிட்ட இந்த வீட்டுச் சாவி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. அவசரத்துக்கு."

டைப்பிஸ்ட் குறிப்பேட்டில் அத்தையை இரண்டு முறை அடிக்கோடிட்டார். "பாசக்கார அத்தை, கையில சாவி. முடிஞ்சுது கதை," என்று கணவரின் காதைக் கடித்தார்.

"உனக்கு எப்பவும் அவசரம். சாதம் வேகிறதுக்குள்ள தட்டைப் போட்டுடுவே," என்றார் அவர். பிறகு பெரியவளிடம், "பூட்டு எப்ப மாத்தினீங்க?"

"மாத்தவே இல்ல. நான் எத்தனையோ தடவை சொன்னேன். பழைய பூட்டே இருக்கட்டும்னு அம்மா விடல."

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அம்மாவோட பை இருக்கா?"

இருந்தது. சீப்பு, துண்டு, ஜெபமாலை, ஊசி. "சும்மா படுத்திருக்க முடியலை, ஊசியும் நூலும் கொண்டு வான்னா. மரக்கட்டையில சுத்தின நூல் ஒண்ணு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன்," என்றாள் பெரியவள். ஊசி இருந்தது. நூல்கட்டை இல்லை.

சர்வேயர் பையை மூடினார். "கடைசியா ஒண்ணு. அம்மாவோட பல் செட்டை எப்ப சரி பண்ணினீங்க?"

"பண்ணலையே..." என்று தொடங்கிய பெரியவள் பாதியில் நின்றாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரோம். அத்தையும் இருக்கட்டும். ஒரு ஆளைக் கூப்பிடணும், என் மனைவி போன் பண்ணுவா."

வியாழக்கிழமை மாலை தையல் மெஷினைச் சுற்றி நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தார்கள். அத்தை முகம் வெளிறிப்போயிருந்தது. டைப்பிஸ்ட் அவரைச் சமாதானப்படுத்தும் விதமாகச் சிரித்தார். நேற்று போட்ட அடிக்கோடுகளை இரவோடு இரவாக அழித்திருந்தார்.

"பூட்டு உடையலை. அதனால சாவி உள்ளவங்க வேலை," என்றார் சர்வேயர். "அத்தைகிட்ட சாவி இருக்கு. ஆனா அத்தை வெச்சிருந்தா முதல்ல பாதத்தைத் தொட்டிருப்பாங்க. அது யோசிச்சுச் செய்யறது இல்ல, கை தானாப் போகும். பாதத்துத் தூசி கலையவே இல்ல. வந்த ஆள் கையை மட்டும் தொட்டிருக்கார். இவர்கிட்ட வேண்டாத, வேண்டக் கூடாதுன்னு நம்புற ஆள். ஆனா குழந்தையை நல்லாத் துடைச்சு, விழாத மாதிரி ஒட்டியிருக்கார்."

"ரோஸ் மெழுகு," என்றார் டைப்பிஸ்ட், தாங்க முடியாமல்.

"பல் செட் செய்ற லேப்ல அந்த மெழுகுலதான் ஈறு மாதிரி அச்சு பண்ணுவாங்க. பூட்டு மாத்தாததால, பதினோரு வருஷம் முன்னாடி இந்த வீட்டை விட்டுப் போனவர்கிட்ட இருக்கிற சாவி இன்னும் பொருந்தும்."

பெரியவள் எழுந்து நின்றாள். "அவன்கிட்ட குழந்தை எப்படிப் போச்சு? அது அம்மாகூட மண்ணுக்குள்ள இருக்கே!"

"மண்ணுக்குள்ள இருக்கிறது நூல்கட்டைம்மா. கழண்டு ஆடின பல் செட் கடைசி நாள்ல இறுக்கமா உட்கார்ந்துச்சுன்னு நீயே சொன்னே. நீ கடையில இருக்கிற பகல் நேரத்துல, அந்த வேலை தெரிஞ்ச ஒருத்தர் அம்மா பக்கத்துல உட்கார்ந்து அதைச் சரி பண்ணியிருக்கார். அம்மா பையைப் பிரிச்சு, குழந்தையை அவர் கையில குடுத்துட்டு, காலியா இருந்தா நீ கேப்பேன்னு நூல்கட்டையை வெச்சுத் தைச்சுட்டாங்க. பேயும் இல்ல, அற்புதமும் இல்ல. குழியைத் தோண்ட வேண்டாம்."

சர்வேயர் வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வாப்பா," என்றார்.

சின்னவன் படிக்கு வெளியே செருப்போடு நின்றிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. பெரியவள் அந்த நரையையே பார்த்தாள். இவனுக்கா?

"ஏன்டா வெளிய நிக்கிறே?"

"நீதானேக்கா படி மிதிக்கக் கூடாதுன்னே."

"ஞாயித்துக்கிழமை மட்டும் பறந்து வந்தியா?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. படியேறி வந்து மெஷின் பக்கத்தில் நின்றான். அந்தோனியாரைப் பார்க்காமல், அவர் கையிலிருந்த குழந்தையைப் பார்த்துப் பேசினான்.

"அம்மா படுத்திருக்கான்னு அத்தைதான் சொல்லி அனுப்பினாங்க. தினம் மத்தியானம் போனேன். 'நீ வந்துட்டே. நான் குடுத்த வாக்கை மாத்த முடியாது. உன் கையாலேயே கொண்டுபோய் வெச்சிடு'ன்னா. நாப்பது நாள் சட்டைப் பையிலேயே வெச்சுட்டு அலைஞ்சேன். நான் கும்பிடலக்கா. இப்பவும் என்னால முடியாது. ஆனா அம்மா சொன்ன சொல்லு தவறினதா இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

"கும்பிட வேண்டாம். உன்னை யாரு கும்பிடச் சொன்னா?" பெரியவளின் குரல் உடைந்தது. "அம்மா என்கிட்ட ஏதோ கேக்க வந்தாடா. என்னன்னு தெரியாம நான் செத்துட்டிருக்கேன்."

"எனக்குத் தெரியும். அவளும் நானும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம். 'சின்னவன் திரும்ப வீட்டுக்கு வரட்டுமான்னு நான் கேட்டா உங்க அக்கா கோபப்பட மாட்டா'ன்னா. அதுக்குள்ள போயிட்டா. அடக்கத்துக்கு வரக் கூடாதுன்னு நீ அத்தைகிட்ட சொல்லிவிட்டே. நான் கல்லறைக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்ல நின்னேன். பெட்டி கேட்டுக்குள்ள போறது வரைக்கும்தான் தெரிஞ்சுது."

பெரியவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அத்தை தரையைப் பார்த்தார். டைப்பிஸ்ட் எப்போதோ பென்சிலைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

சின்னவன் நிமிர்ந்து, அம்மா தனக்காகக் கேட்காமல் விட்டுப்போன இடத்திலிருந்து தானே கேட்டான்.

"அக்கா, அம்மா குழி எதுன்னு எனக்குத் தெரியாது. என்னைக் கூட்டிட்டுப் போறியா?"