நேரில் பார்த்த மூவர்

"நான் அழுறதுக்கு வரல மேடம்," என்றாள் ஜெனிஃபர், நாற்காலியில் உட்காரும் முன்பே. "எவன் சொன்னான்னு தெரியணும். அவ்ளோதான்."

ஊரப்பாக்கத்தில் இருந்த அந்தச் சிறிய வீட்டின் முன்னறையில் பிரபாவதி அவளை நிதானமாகப் பார்த்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைத் துருவுவதே பல காலம் பிரபாவதியின் வேலை. இப்போது அதையே தனியாகச் செய்தாள். பக்கத்தில் காஜா மொய்தீன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். ஸ்டேஷன் ரோட்டில் அவருக்கு ஒரு செல்போன் கடை. வழக்கு என்று காதில் விழுந்தால் போதும், கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார்.

ஜெனிஃபர் தன் கைபேசியை மேசைமேல் வைத்தாள். 'கரையோரக் குரல்' என்ற செய்தித்தளம் அதில் திறந்திருந்தது. 'செல்போனில் மூழ்கிய காவலர். கடலில் மூழ்கிய வாலிபர்' என்ற தலைப்புக்குக் கீழே அவள் படம்.

"நெம்மேலிக்குத் தெக்கால நீலச்சிப்பி ரிசார்ட்ல நான் லைஃப் கார்டு. அன்னிக்கி சாயந்தரம் அண்ணன் தம்பி ரெண்டு பேரு செவப்புக் கொடிய தாண்டி எறங்குனாங்க. பார்த்த ஒடனே குதிச்சேன். தம்பிய இழுத்தாந்தேன். அண்ணன... மறுபடி ரெண்டு தரம் போனேன் மேடம். கெடைக்கல."

"போன்?"

"ட்யூட்டில கையில வெச்சிக்கக் கூடாது. லாக்கர்ல இருந்துச்சி. எங்கப்பா ஞானதாஸ் சிறுசேரில கேப் ஓட்றாரு. ஏறுற பொண்ணுங்க இந்த நியூஸத்தான் பேசிக்கினு வராங்களாம். அது எம்பொண்ணுன்னு சொல்ல முடியாம அவரு ரோட்டப் பாத்து ஓட்டிக்கினு வராரு."

"விடுதியில் என்ன சொல்றாங்க?"

"மேனேஜர் கிருபாகரன் கூப்புட்டாரு. நீயே வேலைய விட்டுப் போறேன்னு கையெழுத்துப் போடு, பேச்சு அடங்கிடும்னாரு. மாட்டேன்னுட்டேன்."

"இதை முழுசாப் படிச்சியா?"

"தலைப்புக்குக் கீழ படிக்க முடியல மேடம்."

பிரபாவதி மனதுக்குள் படித்தாள். காஜா மொய்தீன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சம்பவத்தை நேரில் பார்த்த மூவர், பெயர் சொல்ல விரும்பாமல் பேசியிருந்தார்கள்.

சுற்றுலாப் பயணி: 'மாலையில் காவல் மேடைக்கும் விடுதிக்கும் நடுவே, மேடையின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். அவர் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். விசில் ஊதியதே தாமதமாகத்தான்.'

கடற்கரை வியாபாரி: 'இருவரும் தத்தளித்து ஓய்ந்த பிறகுதான் விசில் சத்தம் கேட்டது.'

விடுதி ஊழியர்: 'விசிலை அவர் கழுத்தில்கூட மாட்டியிருக்கவில்லை. தேடி எடுத்து ஊதுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.'

"மூணு பேரு ஒரே மாதிரி சொல்றாங்களே அக்கா," என்று முணுமுணுத்தார் காஜா மொய்தீன்.

"ஆமாம் பாய். ரொம்பவே ஒரே மாதிரி."

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் இருவரும் நீலச்சிப்பியின் கரையில் நின்றார்கள். பின்னால் விடுதி, எதிரே கடல், நடுவில் மரத்தாலான காவல் மேடை. காஜா மொய்தீன் மேடையின் நிழலைத் தேடிப்போய் உட்கார்ந்தார். ஓர் அலை வந்து அவர் கால்சட்டையை நனைத்துவிட்டுப் போனது. எழுந்து மேடைமேல் ஏறினார். அங்கே கைப்பிடியோடு ஓர் இரும்புக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. கைப்பிடியைத் தொட்டார்.

"பாய், அத்த சுத்தாதீங்க! ஊரே ஓடியாரும்!"

கத்தியவன் ஜெரோம், இன்னொரு உயிர்க்காவலன். "இது சங்கு பாய். பழைய ஃபேக்டரி சைரன். ஜெனிஃபர்தான் காயலாங்கடைல புடிச்சி மாட்டுச்சி. காலைல தார்ப்பாய் போட்டு மூடிக் கெடக்கும். ட்யூட்டி ஏறுனா தொறப்போம். உப்புக் காத்துல துரு ஏறிடுது இல்ல."

"சம்பவத்தன்று நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டாள் பிரபாவதி.

ஜெரோம் மணலைப் பார்த்தான். "உள்ள ஒரு கல்யாணம். மேளச் சத்தத்துல சங்கே காதுல விழல. நாற்காலி தூக்க ஆளு பத்தலன்னு மேனேஜர் கூட்டுகினு பூட்டாரு. இங்க ரெண்டு பேரு நிக்கணும் மேடம். ஒருத்தி என்னா பண்ணுவா?"

"மேனேஜர் கரைக்கு வருவாரா?"

"சூரியன் வர்றதக் காட்ட கெஸ்ட்டுங்களக் கூட்டுகினு வருவாரு. அதோட சரி. அப்பறம் ஏசி ரூம்தான்."

பக்கத்தில் அலைச்சறுக்குப் பள்ளி நடத்தும் ஃபர்தீன் முகத்தைச் சுளித்துக்கொண்டே பேசினான். "எனக்கும் அவளுக்கும் ஆவாது. கொடி தாண்டுனா எம் பசங்களையும் திட்டுவா. ஆனா அன்னிக்கி சங்கு கேட்ட ஒடனே போர்டத் தூக்கிக்கினு ஓடினேன். அவ அதுக்குள்ள தண்ணில இருந்தா."

திரும்பும்போது காஜா மொய்தீன் உற்சாகமாக இருந்தார். "ஃபர்தீன்தான் அக்கா. பகையை அவனே ஒத்துக்கினான்."

"பகையை ஒப்புக்கொள்கிறவன் பெயரை ஏன் மறைக்கப் போகிறான் பாய்?"

செங்கல்பட்டில் 'கரையோரக் குரல்' அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. அதன் ஆசிரியரும் நிருபரும் சரவணகுமார் ஒருவரே.

"பேரைக் கேட்டு வந்திருந்தீங்கன்னா கிளம்பலாம்," என்றார் அவர். "வாக்குக் கொடுத்திருக்கேன். ஜெயிலுக்குப் போனாலும் சொல்ல மாட்டேன்."

"நல்லது. சொல்லாதீங்க," என்றாள் பிரபாவதி. "மூணு பேரையும் நீங்க பார்த்தீங்களா?"

சரவணகுமார் பேனாவை உருட்டினார். "வாட்ஸ்அப்ல எழுத்தா வந்தது. நம்பகமான ஒருத்தர் வாங்கி அனுப்பினார். அவங்க பயப்படுறாங்கன்னார்."

"ஜெனிஃபர்கிட்ட கேட்டீங்களா?"

சரவணகுமார் பேனாவை மூடி வைத்தார்.

"பேரை மறைக்கிறது உங்க தொழில் தர்மம். அதை நான் மதிக்கிறேன். ஆனால், மறைக்கிறதுக்கு முதல்ல ஆள் இருக்கணும். நாளைக்கு மதியம் நீலச்சிப்பிக்கு வாங்க. உங்ககிட்ட ஒரு பெயரும் கேட்க மாட்டேன்."

மறுநாள் விடுதியின் உணவுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். விருந்தினர் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தனர். சரவணகுமார் ஒதுங்கி நின்றார். ஜெரோமும் ஃபர்தீனும் சுவரோரம் நின்றார்கள். மேனேஜர் கிருபாகரன் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஜெனிஃபர் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

பிரபாவதி செய்தியிலிருந்த மூன்று வாக்குமூலங்களையும் உரக்கப் படித்தாள். ஜெனிஃபரின் புருவம் உயர்ந்தது. ஃபர்தீன் வாய்விட்டுச் சிரித்தான்.

"இன்னாது, விசிலா? எந்த விசிலு?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்," என்றாள் பிரபாவதி. "ஜெனிஃபர், ஏன் விசில் வைத்துக்கொள்வதில்லை?"

"காத்து அடிச்சா பத்தடிக்குக்கூட கேக்காது மேடம். ரூல்ல விசில்னுதான் கீது, இன்னா பிரயோஜனம்? அதான் நானே சங்கு வாங்குனேன்."

"அன்று கரையில் இருந்த எல்லோரும் கேட்டது சங்கு. ஆனால் நேரில் பார்த்த மூவரும் கேட்டது விசில். ஒருவர் தவறாகச் சொல்லலாம். மூவரும் நடக்காத ஒன்றையே கேட்டார்கள் என்றால், மூவரும் ஒருவரே. அவர் கரையில் இல்லை. விதிப்புத்தகத்தை மட்டும் அறிந்தவர். ஜெரோமுக்கும் ஃபர்தீனுக்கும் சங்கு தெரியும்."

"யாரோ வெளியாளா இருக்கலாமே," என்றார் கிருபாகரன்.

"இருக்கலாம். அதற்குத்தான் நிழல். சுற்றுலாப் பயணி மாலையில் மேடைக்கும் விடுதிக்கும் நடுவே நிழலில் உட்கார்ந்தாராம். பாய், நீங்க மாலையில் மேடை நிழலில் உட்கார்ந்தீங்களே, என்ன ஆச்சு?"

"பேன்ட்டு நனைஞ்சது அக்கா," என்ற காஜா மொய்தீனின் கண்கள் விரிந்தன. "அட! சாயந்தரம் நிழல் கடல் பக்கம்தான் விழும்!"

"விடுதிப் பக்கம் நிழல் விழுவது காலையில் மட்டும். இதை எழுதியவர் மேடையைக் காலையில் மட்டுமே பார்த்தவர். சங்கு தார்ப்பாய்க்குள் இருக்கும் நேரம் அது. சூரியோதயம் காட்ட வந்துவிட்டு அறைக்குத் திரும்பிவிடுகிறவர். இரண்டாவது காவலரை நாற்காலி தூக்க அனுப்பியது வெளியே தெரியாமல் இருக்க, ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்க வேண்டிய தேவை உள்ளவர்."

கிருபாகரன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் அவர் திரும்பியது பிரபாவதியை நோக்கி அல்ல.

"யோவ் சரவணகுமார்! பேர் வெளிய வராதுன்னு சத்தியம் பண்ணியே! இந்தம்மாகிட்ட சொல்லிட்டியா?"

எல்லோரும் சரவணகுமாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல சார்," என்றார் சரவணகுமார் மெல்ல. "இப்போ நீங்கதான் சொன்னீங்க."

கிருபாகரன் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் அவர் பார்வையைத் தவிர்க்கவில்லை. "இவளுக்கு இன்னியோட வேலை இல்ல," என்றார்.

"போலீஸ்ல நான் எல்லாத்தயும் சொல்லத்தான் போறேன் சார்," என்றான் ஜெரோம். "நாற்காலி கதையும் சேத்து."

ஜெனிஃபர் எழுந்து நின்றாள். "நீங்க இன்னா என்னை அனுப்புறது? கரை உங்க பட்டா இல்ல. சம்பளம் இல்லாட்டியும் வந்து நிப்பேன்."

கிருபாகரன் வெளியேறினார். சரவணகுமார் அவளருகே வந்தார். "தளத்துல வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி போட்டுடுறேம்மா."

"ரெண்டு வரியா? எம் மூஞ்சப் போட்டீங்களே, அதே எடத்துல, அதே சைஸுல போடணும். எம் பேரு மட்டும் இல்ல, உங்க பேரும் இருக்கணும்."

"போடுறேன்."

"அது அப்பறம். மொதல்ல ஒரு போனு." அவள் தன் கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தினாள். "செத்துப்போனவரோட அம்மா. வேலூர்ல இருக்காங்க. உங்க நியூஸப் படிச்சிட்டு எனக்கு போன் பண்ணாங்க. எம்புள்ள கூப்புட்டப்ப நீ சிரிச்சிக்கினு இருந்தியாடின்னு கேட்டாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லுங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

ஸ்பீக்கரில் ஒரு தளர்ந்த குரல், "யாரு?" என்றது.

சரவணகுமார் கைபேசியின் பக்கம் குனிந்தார். "அம்மா, நான் கரையோரக் குரல் நிருபர் பேசுறேன். அந்தச் செய்தியில சில தகவல்கள் தவறுதலா..."

"தகவல் தப்பு இல்ல," என்றாள் ஜெனிஃபர், குரலை உயர்த்தாமல். "பொய். பொய்னு சொல்லுங்க."

அவர் ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டார்.

"பொய்யம்மா," என்றார். "நான் விசாரிக்காம போட்டது பொய்."