முப்பத்தோராம் பக்கம்

பீப்.

மாடியிலிருந்து வந்தது. ஒரே ஒரு தடவை.

சமையலறையில் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவன் கையை அப்படியே நிறுத்தினான். பகல் பதினொரு மணி. ஜன்னல் வழியாக வெயில் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. பேய் பிசாசு நடமாடும் நேரமே இல்லை. ஆனாலும் முதுகில் ஓர் எறும்பு மெதுவாக மேலே ஏறியது.

அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்லிவிடுவான். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தன் கை கால்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரே ஒரு பீப். 'நான் நல்லா இருக்கேன், நீ உட்காரலாம்' என்று அர்த்தம்.

இந்த வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் மாடி அறையில் பூட்டிக் கிடந்தது. அதன் ஒயரை முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா பிடுங்கி, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுவிட்டார்.

"பெட்டி கத்துது," என்றாள் அம்மா. ஸ்பூன்களைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"அது கரண்ட்லயே இல்லையேம்மா."

"எனக்கென்னடா தெரியும்? அப்பப்ப கத்தும்."

"அப்பப்பன்னா?"

அம்மா முடிச்சை இறுக்கினாள். "நீ வர்ற அன்னிக்கு."

சிரிக்கலாமா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுபத்துநாலு வயசு. நினைவு முன்னே பின்னே போகிற வயசு என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். வீட்டை விற்றாகிவிட்டது. இரண்டு மணிக்கு வேன் வரும். இனி அம்மா அவனோடு அவன் வீட்டில்.

"சாவியைக் குடும்மா. அந்த மெஷினை நானே இறக்கிடறேன். வேன்காரங்க போட்டு உடைச்சிடுவாங்க."

அப்பா இருந்தவரை அந்தச் சாவி அப்பாவிடம். அவர் போன பிறகு நாலு வருஷமாக அம்மாவிடம். எத்தனையோ தடவை கேட்டும் தராதவள், இன்று இடுப்பிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"போ. உனக்காகத்தான் வச்சிருந்தேன்."

படியேறும்போது திரும்பிப் பார்த்தான். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, போகிற போக்கில் ஃபிரிட்ஜின் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். அங்கே ஒன்றும் இல்லை. முன்பு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடை இருந்தது. கூடை உடைந்து குப்பைக்குப் போய் இருபது வருஷம். கை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

*

அவன் பிழைப்பே பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள்தான். வாடகைக் கூடம் ஒன்றில் பதினெட்டுப் பழைய மெஷின்களை வரிசையாக வைத்திருந்தான். விடுமுறை நாட்களில் நாற்பது வயசுக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கறுப்புத் திரையில் ஊரும் பச்சைப் புள்ளிகளைக் காட்டி, "இதை வச்சுத்தான்டா அப்பா உலகத்தையே காப்பாத்தினேன்" என்பார்கள். பிள்ளைகள் கொட்டாவி விடும். அப்பாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவனுடைய வீடியோக்களைப் பார்ப்பவர்கள் அவனை 'பெட்டிக்காரர்' என்றே கூப்பிட்டார்கள்.

பெட்டிக்காரர் சொல்லும் கதைகளிலேயே பெயர் வாங்கியது ஒன்று.

அப்பா ஆபீஸ் வேலைக்காக வாங்கிய கம்ப்யூட்டரோடு ஒரு விளையாட்டும் வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கிப் போகும் விளையாட்டு. கள்ளப் பிரதி எடுக்காமல் இருக்க அந்தக் காலத்தில் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும் முன் திரை ஒரு கேள்வி கேட்கும்: இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல். கூட வந்த கையேட்டைப் பார்த்து அந்தச் சொல்லைத் தட்டினால்தான் கதவு திறக்கும். மூன்று தடவை தப்பினால் சாத்திவிடும்.

அவனுக்குப் பதிமூன்று வயசு, தங்கச்சிக்குப் பத்து. யார் முதலில் விளையாடுவது என்று தினமும் குடுமிப்பிடிச் சண்டை. ஒருநாள் அப்பா பொறுமை போய், கையேட்டை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்துவிட்டார். இருபத்துநாலு பக்கம் வரை அண்ணனுக்கு. மிச்சம் தங்கச்சிக்கு. "இனிமே ஒருத்தர் இல்லாம ஒருத்தர் ஆட முடியாது, போங்க."

அன்றிலிருந்து திரை பெரிய எண் கேட்டால் அவன் சுவரைத் தட்டுவான். பக்கத்து அறையிலிருந்து அவள் சொல்லைப் படிப்பாள். மெல்லிய சுவர். "இன்னிக்கும் என் காதில் அந்தக் குரல் கேட்குதுங்க" என்று கேமராவைப் பார்த்து அவன் முடிக்கும்போது, கீழே இதயங்களாகக் கொட்டும். தங்கச்சி ஆஸ்துமாவில் போய்விட்டாள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவான். அதற்கு இன்னும் கொஞ்சம் இதயம்.

சொல்லாத மிச்சம் ஒன்று உண்டு. அது மாடியில், அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

*

பூட்டு முரண்டு பண்ணாமல் திறந்தது. தூசி வாடை, பழைய பிளாஸ்டிக் சூடேறிய வாடை.

சூடேறிய வாடையா?

உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டான். அம்மா திடீரென்று வந்துவிடக் கூடாது. எவ்வளவு நேரமாகிவிடப் போகிறது? பெட்டியின் முகத்தில், பிளாப்பி வாய்க்குக் கீழே, ஒன்றும் பொருத்தாத காலி இடத்தை மூடிய ஒரு பிளாஸ்டிக் மூடி. அதை நெம்பினால் போதும். கூடத்துக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் முதல் வேலையாகக் குடலை உருவிச் சுத்தம் செய்வான். அதற்கு முன் எடுத்தாக வேண்டும். எடுத்துப் பையில் போட்டு, போகிற வழியில் ஒரு சாக்கடை. முடிந்தது.

அம்மாவிடம் சொல்லிவிட்டால் என்ன என்று நேற்று ராத்திரி ஒரு நிமிஷம் தோன்றியதுதான். 'இந்த வயசில் அவளைக் கலைப்பானேன்' என்று அந்த நினைப்பைத் தட்டித் தூங்க வைத்துவிட்டான். அவனுக்கு அது பழகிய வேலை.

ஜன்னல் திரையை விலக்கினான். மேஜை. நாற்காலி. பெட்டி. பெட்டியின் ஒயர் ரப்பர் பேண்டோடு தரையில் சுருண்டு கிடந்தது.

திரையில் பச்சை எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன.

பக்கம் 31. வரி 4. சொல் 2.

கீழே ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னியது. பதிலுக்குக் காத்திருக்கும் கோடு.

அவன் குனிந்து ஒயரின் முனையைக் கையில் எடுத்தான். மூன்று பித்தளைக் கால்களும் விரலைக் குத்தின. எங்கும் செருகவில்லை. கையில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள்ளிருந்து காற்றாடி ஓடும் சத்தம் வந்தது. பழைய காற்றாடி தூசி அடைத்தால் இழுத்து இழுத்து ஓடும்.

ஹ்ஹீ... ஹ்ஹீ... ஹ்ஹீ...

பின்புறம் எட்டிப் பார்த்தான். காற்றாடி சுற்றவில்லை. அதன் இறக்கைகளுக்கு நடுவே சிலந்தி வலை, ஓர் இழைகூட அறுபடாமல்.

சத்தம் பெட்டியிலிருந்து வரவில்லை.

சுவரிலிருந்து வந்தது.

*

அன்றைக்கும் இதே திரை. இதே பக்கம்.

அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். முதல்நாள் சண்டையில் தங்கச்சி, "இனிமே உனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் போ" என்று சபதம் போட்டிருந்தாள். எனவே அவன் ஃபிரிட்ஜ் மேல் கூடையிலிருந்து அவளுடைய இன்ஹேலரை எடுத்துத் தன் மேஜையில் வைத்துக்கொண்டான். சும்மா, பேரத்துக்கு.

மத்தியானம் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. கதவுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அண்ணா... குடுண்ணா."

"வார்த்தையைச் சொல்லு, தர்றேன்."

அவள் தன் அறைக்குப் போனாள். பக்கங்கள் புரளும் சத்தம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மூச்சு இழுத்து, சொன்னாள்.

"லே... ன்... டர்ன்."

ஏமாற்றவில்லை. சரியான சொல். கதவு திறந்தது, சுரங்கம் விரிந்தது, பச்சை மனிதன் ஏணியில் இறங்கினான்.

சுவர் தட்டப்பட்டது. மூன்று தடவை.

"ஒரு நிமிஷம் இரு குட்டி, இந்தக் கட்டம் முடியட்டும்."

மறுபடியும் மூன்று. அப்புறம் இரண்டு. அப்புறம் நகத்தால் பிறாண்டுவதுபோல் ஒன்று.

அன்றுதான் அவன் முதல் முறையாக ஒன்பதாம் கட்டத்தைத் தாண்டினான். நிமிர்ந்து பார்த்தபோது சுவர் வெகு நேரமாக அமைதியாக இருந்தது. வாசலில் அம்மா செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கையில் இன்ஹேலர். எதிரே பெட்டியின் காலி இடத்தை மூடிய அந்தப் பிளாஸ்டிக் மூடி. யோசிக்க நேரமில்லை.

பிறகு வீடு தலைகீழானது. கூடையைக் கொட்டி, அலமாரியைக் கொட்டி, படுக்கையை உதறி அம்மா தேடினாள். "இங்கதானே வச்சேன், நான்தான் இடம் மாத்தி வச்சிட்டேன், நான்தான், நான்தான்." அவனும் கூடவே தேடினான். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினான். அதற்கப்புறம் அந்த வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அப்பாவின் கடைசி அஸ்திரம் ஒன்றுதான்: "ஒரு சாமானை வச்ச இடத்துல வைக்கத் தெரியாதவ." அம்மா வாயை மூடிக்கொள்வாள். அவனும்தான்.

*

ஹ்ஹீ... ஹ்ஹீ...

'ஆடிவிட்டுப் போய்விடுவோம்' என்று தோன்றியது அவனுக்கு. பெட்டிக்காரன் புத்தி. கேட்பதைக் கொடுத்தால் திரை மாறும். அந்தச் சொல்லை அவன் மறந்ததே இல்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

தவறு, என்றது திரை. இன்னும் இரண்டு வாய்ப்பு.

தவறாக இருக்க வாய்ப்பில்லை. மறுபடியும் தட்டினான்.

தவறு. இன்னும் ஒன்று.

சுவர் தட்டப்பட்டது. மூன்று தடவை. நிதானமாக.

விளையாட்டு போதும் என்று பையிலிருந்த திருகுளியை எடுத்து மூடியை நெம்பினான். ஒட்டியிருக்கும் என்று நினைத்தது லேசாகக் கையோடு வந்தது. வேறு யாரோ ஏற்கெனவே கழற்றிப் பொருத்திய மாதிரி. உள்ளே விரலை விட்டுத் துழாவினான்.

தகரம். தூசி. தகரம்.

காலி.

தூசியில் ஒரு சின்னச் செவ்வகம் மட்டும் துடைத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது.

நெஞ்சுக்குள் யாரோ கயிற்றைக் கட்டி ஒரு சுற்று முறுக்கினார்கள். மூச்சை இழுத்தான். பாதிதான் வந்தது. அவனுக்கு ஆஸ்துமா கிடையாது. வம்சத்திலேயே அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

கதவுக்குப் பாய்ந்தான். தாழ்ப்பாள் அசையவில்லை. சற்றுமுன் அவன் கையால் போட்ட தாழ்ப்பாள், சுவரோடு சேர்த்து வார்த்த மாதிரி நின்றது.

"அம்மா."

படிகளில் காலடி ஓசை. மெதுவாக. ஒவ்வொரு படியாக. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"அம்மா, தாழ்ப்பாள்... மாட்டிக்கிச்சு. தள்ளும்மா. மூச்சு... முடியலை."

அம்மா தள்ளவில்லை.

"ஏன்டா, மூச்சு இழுக்குதா?"

"ஆமாம்மா. தூசி... வெறும் தூசிதான்."

வெளியே அம்மா பெருமூச்சு விட்டாள். மாவு புளித்துவிட்டது என்று தெரிந்தால் விடுவாளே, அந்தப் பெருமூச்சு.

"இப்பவும் தூசியா."

அவன் கதவோடு சரிந்து உட்கார்ந்தான். கீழ் இடுக்கில் அம்மாவின் பாதங்கள் தெரிந்தன, வெடித்த குதிகாலோடு. ஒரு பொருளைக் குலுக்கும் சத்தம் கேட்டது. கிளிக், கிளிக். உள்ளே மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா அப்படித்தான் குலுக்குவாள்.

அவன் வாயைத் திறந்தான். தொண்டையில் காற்று இல்லை. திரையில் அந்தக் கோடு மின்னிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு.

அம்மாவின் பாதங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பாதங்கள் வந்து நின்றன. சின்னவை. வெறுங்கால்.

"நீ எங்கே ஒளிச்சு வச்சேன்னு உன் வாயால சொல்லுடா," என்றாள் அம்மா. "சொன்னா தர்றோம், நானும் குட்டியும்."