ஆன்டி-டேங்க் முறுக்கு

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுச் சொல் கழுவப் போவது செரஸ் குறுங்கோளின் குடியிருப்பில் வழக்கம். சலவை நிலையத்தில் வரிசையில் நின்று தலையைத் தொப்பிக்குள் நுழைத்தால் போதும். காதோரம் பதித்த சில்லு, அந்த வாரம் எங்கிருந்தாவது ஒட்டிக்கொண்ட போர்ச்சொற்களைத் துடைத்துவிடும். துப்பாக்கி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் கண் படிக்காமல் நழுவிப் போகும். சண்டைக்குச் சொல் இல்லாவிட்டால் சண்டையும் இருக்காது என்பது பூமியை விட்டு ஓடிவந்த முன்னோரின் கணக்கு. கணக்கு தப்பவில்லை. இங்கே மாமியார் மருமகள் தகராறுகூடப் பெருமூச்சோடு முடிந்துவிடும்.

கழுவுகிறவளுக்கு மட்டும் எல்லாச் சொல்லும் தெரிந்திருக்க வேண்டும். அழுக்கு எது என்று தெரியாமல் எப்படிக் கழுவுவது? அந்த வேலையில் இருந்தவள் இன்பவல்லி. அவற்றில் ஒன்றை அவள் வாய்விட்டுச் சொன்னால் அவளுடைய மொத்தப் பேச்சையும் துடைத்துவிடுவார்கள். கணவன் பெயர்கூட நாக்கில் மிஞ்சாது.

அந்தக் கணவன் குமணன்தான் ஒரு நாள் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டான். நில அதிர்வில் உருக்குக் கதவு நெளிந்து இறுகிவிட்டது. உள்ளே பதினோரு பேர். மாலைவரைக்குத்தான் காற்று. துளைக்கிற கருவிகள் எல்லாமே உள்ளே சரிந்த கல்லுக்கு அடியில் புதைந்துவிட்டன.

இன்பவல்லி ஊர்த்தலைவர் ஆவுடையப்பனைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். பூமியிலிருந்து தவறுதலாக வந்த பெட்டி ஒன்று அங்கே கிடந்தது. ஊருக்கு அது டீ குடிக்கிற பெஞ்சு. அதன்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். டாங்கி என்ற இரும்புப் போர்வண்டியைத் துளைக்கும் ஆயுதங்களுக்கு ஆங்கிலத்தில் போடுகிற அடைமொழி அது.

"இதுக்குள்ள இருக்கறது கதவ உடைச்சிரும் ஐயா. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எழுந்திருக்கும்."

"வேணாம்மா. சொன்னா நீ ஊமையாயிடுவே. சட்டத்த என்னால மாத்த முடியாது."

"அவரே போனப்புறம் எனக்குப் பேச்சு எதுக்குங்க?" என்றவள் பெட்டியின் பக்கம் திரும்பினாள். "ஆன்டி-டேங்க்!"

பெட்டி திறந்தது. உள்ளிருந்த ஏவுபொறி முட்டியை நீட்டி எழுந்து, இலக்கைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்டது. அதைச் சுரங்கக் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சுவரைத் தட்டிச் சேதி சொல்லி, உள்ளே இருந்தவர்களைத் தூரமாகப் பக்கக் குகைக்குள் ஒதுங்க வைத்தார்கள். ஒரே வெடி. கதவில் ஆள் நுழைகிற ஓட்டை.

பதினோரு பேரும் இருமிக்கொண்டே வெளியே வந்தார்கள். குமணன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஊரே அழுதது. இத்தனை உயிரைத் திருப்பித் தந்த சொல்லை எந்த வாயால் அழுக்கு என்பது? ஊர்க்கூட்டம் இன்பவல்லியின் தண்டனையைத் தள்ளிவிட்டு, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இனிச் சலவை கிடையாது என்று தீர்மானம் போட்டது.

நன்றி என்றால் அப்படியொரு நன்றி. ஏவுபொறிக்குச் சந்தனப் பொட்டும் மாலையும் விழுந்தன. கடைகளில் ஆன்டி-டேங்க் முறுக்கு வந்தது. ஆன்டி-டேங்க் செருப்பு, ஆன்டி-டேங்க் திருமண மண்டபம் என்று தொடர்ந்தது. அதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை; ஆங்கிலத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது. ஆன்டி-டேங்க் மழலையர் பள்ளியில் இடம் பிடிக்கப் பெற்றோர் விடியுமுன்பே வரிசையில் நின்றார்கள்.

குமணன் தினமும் வேலை முடிந்ததும் ஏவுபொறியைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டான்.

"ஏன் வல்லி, டேங்க்னா என்ன?"

அவன் உயிரோடு எதிரில் உட்கார்ந்து கேட்கிறானே என்ற நிறைவில் அவளுக்கு மறைக்கத் தோன்றவில்லை. இரும்பு உடம்பு, சங்கிலிச் சக்கரம், நீண்ட குழாய் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். குமணன் சோற்றில் கை வைத்தபடியே இருந்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"பாவம். நமக்கு இவ்வளவு செஞ்சிருக்கு. அதுக்குன்னு ஒரு டேங்க்கூட இல்லாம அது பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கே!"

மறுநாளே பட்டறையில் வேலை தொடங்கியது. சேதி கேட்ட ஊரார் ஆளுக்கொரு இரும்புத் துண்டோடு வந்தார்கள். ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை.