அசல் எங்களிடம் இருக்கிறது

பாட்டை நிறுத்திய பிறகு அந்தக் குரல் வந்தது.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்டூடியோவுக்குப் பகல், இரவு என்று எதுவும் கிடையாது. ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கப் பஞ்சும் துணியும். கதவைச் சாத்திவிட்டால் வெளியே ஓர் உலகம் இருந்ததற்கே அடையாளம் இருக்காது. ஏசியின் மெல்லிய இரைச்சலும், பழைய தரைவிரிப்பின் புழுங்கல் வாடையும், மிக்சரில் எரியும் பச்சைப் புள்ளிகளும்தான் மிஞ்சும். ஸ்டூடியோக்காரன் பல் டாக்டரின் பாட்டை நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் சத்தமில்லை. அப்போதுதான் அவனுடைய சொந்தக் குரலே, எங்கோ மிகப் பக்கத்திலிருந்து, நிதானமாகச் சொன்னது:

"மாதிரிப் பிரதி. அசல் எங்களிடம் இருக்கிறது."

எந்தக் கோளாறுக்கும் அடுத்தவன்தான் காரணம் என்று நம்புகிறவன் அவன். அடுத்தவன் யாரும் அங்கே இல்லாததால் கம்ப்யூட்டரைத் திட்டினான்.

அந்த வாசகத்தை அவன் பதிவு செய்து பதினோரு வருடம் ஆகிறது. கேட்டுப் பார்க்கக் கொடுத்த பாட்டை எவனோ தன் பெயரில் வெளியிட்டுவிட்டான். அன்றிலிருந்து யாருக்கு மாதிரி கொடுத்தாலும் நாற்பது வினாடிக்கு ஒரு தடவை இந்தக் குரல் குறுக்கே விழும். திருடனைப் பார்த்துப் பேசுகிற தொனி. முதல் தடவை எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் அவன் கையால் வைப்பான், பாடுகிறவர் உயிரைக் கொடுத்து உச்சிக்கு ஏறி நிற்கிற இடமாகப் பார்த்து. பாதுகாப்புக்கு அது தேவையே இல்லை. ஆனால் அதில் அவனுக்கு ஒரு திருப்தி.

குரல் விழாத அசல், ஹார்டு டிஸ்க்கில், இரும்பு பீரோவுக்குள், பூட்டி இருக்கும். சாவி அவன் இடுப்பில். பாடியவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அன்றைக்குத்தான் அசல் வெளியே வரும். அன்றைக்கு ஒரு சடங்கு மாதிரி அவரைத் தன் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைப்பான். மாதிரியைத் திரையில் இடமிருந்து வலமாகத் தேர்ந்தெடுத்து நீலமாக்குவான். விரலை அழிக்கும் பொத்தானின்மேல் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்து, "பார்த்துக்கோங்க. அசல் வந்தாச்சு. இனிமே இது குப்பை" என்பான். பிறகுதான் அழுத்துவான்.

மற்றபடி அவனுக்குப் பாடுகிறவர்கள்மேல் மரியாதை கிடையாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பான். அந்தக் கழுதைகளை நம்பித்தான் கற்பூரக் கடை ஓடுகிறது என்பது அவனுக்குத் தோன்றியதில்லை. அதே கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்த அவன் வீட்டுக்கும் அதே பார்வைதான் ஏறிப் போகும். கல்யாணமான புதிதில் மனைவி அடுப்படியில் ஏதோ பாட்டை முனகினாள். "பாத்திரம் விழுந்துதோன்னு ஓடி வந்தேன்" என்றான். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் முனகவில்லை.

இரண்டரை மணிக்குப் பல் டாக்டர் வந்தார். இரண்டு வரி திரும்பப் பாட வேண்டியிருந்தது.

"சார், இந்தச் சரணத்துல உருக்கம் கொஞ்சம் கம்மியோ?"

"உருக்கமெல்லாம் ஜாஸ்திதான் டாக்டர். பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி மரத்துப்போக ஊசி போடுவீங்க இல்ல, கேக்கறவங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு போட்டுட்டீங்கன்னா போதும்."

டாக்டர் சிரித்தார். நல்ல மனிதர். செருப்பால் அடித்தாலும் செருப்பு நல்ல தோல் என்று சொல்லக்கூடியவர். அதற்காகவே ஸ்டூடியோக்காரன் அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தான்.

"சார், அதை நிறுத்திட்டா நல்லா இருக்கும்."

"எதை?"

"அந்த மாதிரிப் பிரதியை. நீங்க பேசிக்கிட்டு இருக்கும்போதே நடுவுல நடுவுல வருது."

ஸ்பீக்கரின் விளக்கு எரியவில்லை. இருந்தாலும் அதன் வயரைப் பிடுங்கிக் காட்டினான். இருவரும் காத்திருந்தார்கள். ஏசி இரைந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாதிரிப் பிரதி. அசல் எங்களிடம் இருக்கிறது."

"நாற்பது" என்றார் டாக்டர். "பல்லுக்கு அச்சு எடுக்கும்போது வினாடி எண்ணிப் பழகிடுச்சு. தப்பாது." அவர் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. "சார், கொஞ்சம் வாயைத் திறங்க."

"என்ன விளையாட்டு இது?"

"சும்மா திறங்க சார்."

ஏன் திறந்தான் என்று தெரியவில்லை. டாக்டர் செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்தார். அவர் கையில் சோப்பு வாசனை. முப்பது வினாடி. முப்பத்தைந்து. திறந்த வாய் திறந்தபடி இருக்க, நாக்கு அசையாமல் கிடக்க, தொண்டைக்குள்ளிருந்து அந்தக் குரல் தெளிவாக ஏறி வந்தது. தன் பல்லில் அது இடிப்பதை அவனே உணர்ந்தான்.

டாக்டர் வெளிச்சத்தை அணைத்தார். கைக்குட்டையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"வீட்டுல யாராவது இருக்காங்களா சார்?"

"மேலே இருக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நான் இன்னொரு நாள் வந்து பாடறேன்."

அவர் கதவைச் சாத்தாமலே போனார். படியில் வேகமாக ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், பாட வராதவன் என் வாயைக் குறை சொல்கிறான். இதைச் சத்தமாகச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தான். பாதி வாக்கியத்தில் நாற்பதாவது வினாடி வந்தது.

செல்போனை எடுத்தான். அடித்தளத்தில் எப்போதுமே சிக்னல் கிடையாது. வெளியே போகலாம். போய் யாரிடம் என்ன பேசுவது? நாற்பது வினாடிக்குள் பேசி முடிக்க வேண்டும். முதல் தடவையாக அவனுக்கு ஒன்று தோன்றியது. அந்தக் குரலை அவன் எதன்மேல் வைப்பான்? அசல்மேல் வைத்ததே இல்லை.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். பீரோவைத் திறந்தான். இரும்பின் குளிர்ந்த வாடை. ஹார்டு டிஸ்க்கைச் சொருகினான். பட்டியலில் எல்லாம் அவன் வைத்த ஒழுங்கிலேயே இருந்தன: பல் டாக்டர், பள்ளிக்கூடக் குழு, புல்லாங்குழல்காரர். கடைசியில் அவன் வைக்காத ஒன்று. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேதி. அவன் பிறந்த தேதி.

ஃபைலின் நீளம் கூடிக்கொண்டே இருந்தது. பதிவு இன்னும் நடக்கிறது.

ஹெட்போனை மாட்டி, அந்தப் பதிவின் கடைசி இடத்திலிருந்து ஓடவிட்டான்.

குழாய்த் தண்ணீர். தட்டு நகரும் ஓசை. வீடு. அவன் வீட்டு அடுப்படியின் எதிரொலியை அவன் காது அறியாதா? ஒரு பெண் முனகிக்கொண்டிருந்தாள், வாய் திறக்காமல், தாழ்ந்த சுருதியில், சுத்தமாக. அவன் மனைவி. எத்தனையோ வருடம் கழித்து அதைக் கேட்கிறான். நன்றாக இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது, அது நன்றாக இருந்தது.

"ஏன் நிறுத்திட்டே? இன்னொரு தடவை பாடேன்" என்றது ஓர் ஆண் குரல். அவன் குரல்.

அவள் சிரித்தாள்.

எண்ணினான். நாற்பது. எண்பது. நூற்று இருபது. குறுக்கே ஒன்றும் விழவில்லை. அவர்கள் பேசினார்கள், சாப்பிட்டார்கள், தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். சுத்தமான பதிவு. ஹெட்போனுக்கு வெளியே, அவன் தொண்டையில், மூன்று தடவை அது வந்து போயிருந்தது.

"கீழே ஒண்ணு கிடக்கே, அதை என்ன பண்றது?" என்று அவள் கேட்டாள்.

"எது, மாதிரியா?"

"ம்."

"அழிச்சுடணும். நீயும் வா. நீ நின்னு பார்க்கணும் இல்ல, அதானே முறை."

நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. சாவிக்கொத்து குலுங்கியது. கதவு. தரைத்தளம் வரைக்கும் லிப்ட் இறங்கும் முனகல். அவள் திரும்பவும் ஏதோ முனக ஆரம்பித்தாள்.

ஹெட்போனைக் கழற்றினான். முனகல் நிற்கவில்லை. சாத்திய கதவையும் மீறி, படிப்பக்கத்திலிருந்து வந்தது.

ஸ்டூடியோவிலிருந்து வெளியே போக ஒரே படி. அதில் அவர்கள்.

விளக்கை அணைத்தான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பாடும் அறைக்குள் ஓடினான். கனத்த கதவு. அதற்குள் இன்னொரு கதவு. இரண்டையும் இழுத்துச் சாத்தினான். மூச்சு மட்டும். இருட்டில் மைக்கின் கம்பி முகத்தில் பட்டது. எத்தனையோ பேரை நிறுத்தி வைத்த இடம். அவன் நின்றதே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிந்தது.

அவனுடைய சட்டை. அவனுடைய பிடரி. வந்தவன் கண்ணாடிப் பக்கம் பார்க்கவில்லை. பாடுகிறவர்களை ஸ்டூடியோக்காரன் எப்போதாவது பார்த்திருக்கிறானா? நாற்காலியில் உட்கார்ந்தான். சாவிக்கொத்தை வழக்கமான இடத்தில், வழக்கமான சத்தத்துடன் போட்டான். பின்னால் அவள். நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடும் அறைக்குக் குரல் அனுப்பும் மைக் திறந்திருந்தது; அவர்கள் பேச்சு உள்ளே கேட்டது.

"இதுக்கு வலிக்குமாங்க?"

"மாதிரிக்கு என்ன வலி?"

திருடர்களுக்காக அவன் வைத்திருந்த தொனி.

உள்ளே நின்றவன் கண்ணாடியைத் தட்டினான். இரண்டு கையாலும் தட்டினான். அவள் நிமிர்ந்து திரும்பினாள். பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, பயம் இல்லை, கடையில் துணியைத் தடவிப் பார்க்கிறவளின் கவனம் இருந்தது. நான்தான், நான்தான் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டே வார்த்தை. வாயைத் திறந்தான்.

"மாதிரிப் பிரதி. அசல் எங்களிடம் இருக்கிறது."

அவள் தலையாட்டினாள்.

திரையில் இடது ஓரத்திலிருந்து நீலம் நகர்ந்தது. மெதுவாக. அவசரமில்லாமல். அவன் அப்படித்தான் செய்வான். கண்ணாடியில் ஊன்றியிருந்த தன் இடது கையைப் பார்த்தான். விரல்கள் நீலம். மணிக்கட்டு நீலம். வலியே இல்லை. முழங்கை. தோள்.

நாற்காலியில் இருந்தவன் விரலைப் பொத்தானின்மேல் வைத்துக்கொண்டு திரும்பினான், அவனைப் பார்க்க அல்ல, அவளை.

"பார்த்துக்கோ."

அவள் முனகிக்கொண்டே திரையை நோக்கிக் குனிந்தாள். நீலம் அவன் கழுத்தைத் தாண்டி, திறந்திருந்த வாய்க்குள் இறங்கியது.