ஒரிஜினல் இல்லாத படம்

திருத்த நோட்டில் நேற்று அவள் நான்கு வரிதான் எழுதியிருந்தாள். இன்று காலை கடையைத் திறந்து வந்து பார்த்தால் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. "உதடு: நீலம் கூடுதல்." கையெழுத்து அவளுடையதேதான்.

போட்டோ ஸ்டூடியோவில் எல்லோருக்கும் அவள் டச்சப் அக்கா. எந்தப் படத்தில் எதை மாற்றினாலும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது ஓனர் போட்ட சட்டம். ஒரு மாப்பிள்ளையின் மூக்கில் இருந்த மச்சத்தை அழுக்கென்று நினைத்து அவள் துடைத்துவிட, அந்த வீட்டார் வந்து கடையை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுப் போன நாளிலிருந்து அந்தச் சட்டம். அதனால் சொந்த மகளின் படத்தைத் திருத்தியபோதும் பழக்க தோஷத்தில் எழுதிவைத்தாள்.

ஆறு வயதுச் சிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கிற படம். அதுதான் கடைசிப் படம். சிட்டு இறந்து இரண்டு மாதம் ஆகிறது. "அந்தக் குழாய் இல்லாம பண்ணிக் குடு. என்னால பார்க்க முடியல," என்று கேட்டிருந்தார் அவர், சிட்டுவின் அப்பா. கண்ணுக்குக் கீழே கருவளையம், கட்டில் கம்பி, கைப்பட்டை, கடைசியாக மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். நான்கும் நீக்கம். அழுதுகொண்டே வேலை பார்த்ததில், பத்து வருடமாகச் செய்யாத தப்பைச் செய்தாள். காப்பி எடுக்காமல் ஒரிஜினல் மேலேயே சேவ் பண்ணிவிட்டாள். போனில் இருந்ததை அவர் தாங்க மாட்டாமல் முன்பே அழித்திருந்தார்.

படத்தைத் திறந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. திரையில்தான் கோளாறு என்று வேறு படங்களைத் திறந்து பார்த்தாள். அவையெல்லாம் சரியாக இருந்தன. உதட்டுக்குச் சிவப்பு ஏற்றி, நோட்டில் எழுதிவிட்டு, முகம் கழுவப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரை உள்ளிருந்து இறக்கிவிட்டிருந்தாள், கடையில் வேறு யாரும் இல்லை. திரும்பி வந்தபோது ஏழாவது வரி ஈரமாக இருந்தது. "உதடு: நீலம் கூடுதல்." அவள் விரலில் மை.

மின்விசிறிச் சத்தத்துக்கும் வெளியே ஷட்டரில் விழும் மழைச் சத்தத்துக்கும் நடுவே மெல்லிய விசில் ஒன்று கேட்டது, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, பதினோரு நாள் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் எண்ணிக்கொண்டிருந்த அதே நெஞ்சுச் சத்தம், கூடவே ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, வீட்டுல ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"உனக்கும் கேட்டுதா? விடிஞ்சதுலேருந்து கேக்குது. மூச்சுக்குத் திணறுறா அவ."

குழாயை எடுத்தது யார்? நாலாவது வரியைப் பார்த்தாள். பக்கத்திலேயே அவள் கையெழுத்து. பெற்றவளே எடுத்துவிட்டாள்.

நேற்றே மூடிவிட்ட ஃபைல். செய்த திருத்தத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை. குழாயை வரைந்தாள். மூக்கிலிருந்து கன்னம். கன்னத்திலிருந்து தோள். தோளிலிருந்து படத்தின் ஓரம். அங்கே படம் முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் சிலிண்டர் இல்லை. திரையின் கறுப்புச் சட்டமும் தூசியும்தான்.

படத்தில் சிட்டு இப்போது சிரிக்கவில்லை. வாய் திறந்திருந்தது.

"இரு கண்ணு. அம்மா இருக்கேன்."

குழாய் முடிந்த திரை ஓரத்தில் வாயை வைத்தாள். ஊதினாள்.

உதடு சிவந்தது.

மூச்சு வாங்க நிமிர்ந்தாள். நீலம்.

ஊதினாள். சிவப்பு. நிமிர்ந்தாள். நீலம். முன்னைவிட நீலம்.

எத்தனை நேரமோ. வலது கை நோட்டில் தானாக எழுதிக்கொண்டே இருந்தது. குறைவு. கூடுதல். குறைவு. காது அடைத்தது. கண் இருட்டியது. ஷட்டர் தூக்கும் சத்தம். நனைந்த செருப்புச் சத்தம். அவர்தான். திரும்பிப் பார்க்க வாயை எடுக்க முடியாது.

அவர் திரையைப் பார்த்தார். பக்கத்தில் மண்டி போட்டார்.

"நீ கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ," என்றார். "நான் ஊதறேன்."

அவர் வாயை வைத்தார். அவள் கை அடுத்த வரியை எழுதியது.

"அப்பா: சேர்ப்பு."