நாலு சக்கரத்துக்குக் காற்று

"இன்னும் எதுக்கு நிக்கிய மைனி? ஏறுங்க! போற வழியில பேசிக்கிடலாம்!"

ராபின்சன் ஜீப்பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினான். அண்ணனைக் காணோம் என்ற சேதி வந்ததிலிருந்து அவனுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. ஆனால் கிரேஸ்லின் ஏறவில்லை. தவசி அண்ணாச்சியின் டயர் கடைக்குள், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர்கள் இருந்த கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

ஓமான் நாட்டில், பாலைவனத்தின் ஓரமாக ஒண்டிக்கிடக்கும் சின்ன ஊர் அது. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து அங்கே நர்ஸ் வேலைக்குப் போனவள் கிரேஸ்லின். அவள் கணவன் பொன்சிங், மணலுக்குள் தண்ணீருக்குத் துளை போடுகிற கேம்ப்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும் பிக்கப் டிரைவர். முந்தின நாள் காலையில் கேம்பிலிருந்து அவன்தான் போன் செய்தான். "இங்க இசக்கிமுத்து கால்ல இரும்புக் குழாய் விழுந்து புண்ணு புரையோடிட்டு. காய்ச்சல் கொதிக்கி. ரோட்டைச் சுத்தாம மணல் வழியா குறுக்க கொண்டாரேன், நீ ஆஸ்பத்திரியில சொல்லி வையி" என்றான். அதற்குப் பிறகு போன் இல்லை. சாயங்காலம் மணற்புயல் ஒன்று ஊரையே மூடிவிட்டுப் போனது. போலீஸ் ரோட்டு வழியில் தேடியது. மணலுக்குள் தேட ஹெலிகாப்டர் வேண்டுமாம், அது புழுதி அடங்கினால்தான் பறக்குமாம். எப்போது அடங்கும் என்பதை யாரும் சொல்லவில்லை.

கட்டினவனை மணலில் விட்டுவிட்டு, புழுதி அடங்கட்டும் என்று உட்கார்ந்திருக்க அவளால் முடியுமா? விடிந்ததும் கொழுந்தன் ராபின்சனை எழுப்பி, ஜீப் வைத்திருக்கும் தவசி அண்ணாச்சியிடம் வந்துவிட்டாள்.

ராபின்சன் கடைக்குள் பாய்ந்து வந்து, கைக்குள் அடங்குகிற ஒரு மெஷினை எடுத்தான். "இது போதும். சார்ஜ் இருக்கு. வாங்க!"

"அதை வையில!" என்றார் அண்ணாச்சி. "அது ரெண்டு டயரு ஊதும், மூணாவதுக்குச் செத்துப்போவும். பக்கத்துல இருக்குல்லா, அது சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுறது. நம்ம ஜீப்பு டயரு அண்டா மாதிரி இருக்கு, இழுக்க இழுக்க பியூஸ் போயிரும். பேட்டரியிலயே கிளிப்பு மாட்டுற பெரிய மெஷினு ஒண்ணு இருக்கு. மணல்ல டயரு காத்தை எறக்கித்தான் போவணும், திரும்பக் கல்லுக்கு வந்ததும் நாலையும் நிரப்பணும், அதுக்கு அதுதான் ஆவும். ஆனா அதை ஒட்டகப் பண்ணைக்காரன் இரவல் வாங்கிட்டுப் போயிட்டான். ஆள் அனுப்பி வாங்கியாரணும்."

"எம்புட்டு நேரம் ஆவும்?"

"அரை மணி."

"அரை மணியா!" ராபின்சன் தலையில் அடித்துக்கொண்டான். "அங்க மனுசன் தண்ணியில்லாம கெடக்கான். இங்க மெஷினு பாத்துப் பாத்து வாங்குதியளோ?"

இருவரும் கிரேஸ்லினைப் பார்த்தார்கள். அவள் பார்வை அந்தக் கையடக்க மெஷின் மேலேயே இருந்தது. பொன்சிங் வண்டியில் வைத்திருப்பதும் அதே ஜாதிதான். அண்ணாச்சி எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், "குட்டியா அழகா இருக்கே" என்று வாங்கி வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் நடக்கும் பந்தாட்டத்துக்கு, பந்தில் காற்றடிப்பது அதை வைத்துத்தான். டயருக்கு ஆகுமா என்று அவள் கேட்டபோது, "ஆவும் ஆவும்" என்று சிரித்தான். அவனுக்கு எல்லாமே ஆகும்!

"அரை மணி நிப்போம் அண்ணாச்சி. ஆள அனுப்புங்க" என்றாள்.

ராபின்சன் அவளைப் பார்த்த பார்வையை அவள் அப்புறம் வெகு நாள் மறக்கவில்லை. அந்த அரை மணி நேரமும் அவள் ஜீப்பில் தண்ணீர் கேன்களையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும் இறக்கி, மறுபடி ஏற்றினாள். சும்மா இருந்தால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

பெரிய மெஷின் வந்தது. அண்ணாச்சியும் ஏறிக்கொள்ள, மூவரும் புறப்பட்டார்கள்!

ஊரைத் தாண்டியதும் கற்கள் நிறைந்த பொட்டல். ஒவ்வொரு கல்லும் அரிவாள் முனைபோலத் துருத்திக்கொண்டு நின்றது. அதைக் கடந்தால் மணல். முதல் மேட்டில் பாதி ஏறும்போதே ஜீப் உறுமிக்கொண்டு புதைந்தது.

"காத்தை விடு!" என்றார் அண்ணாச்சி.

ராபின்சன் இறங்கி, கொஞ்சம் விட்டுவிட்டு நிறுத்தினான். "போதும் அண்ணாச்சி. ரொம்ப விட்டா, திரும்பும்போது அந்தக் கல்லுல டயரு கிழிஞ்சிரும்."

"நிரப்பத்தான மெஷினைத் தூக்கியாந்திருக்கோம்? பயப்படாம விடுல. பதினஞ்சு பவுண்டுக்கு வரட்டும்!"

உஸ்ஸென்று காற்று வெளியேறியது. டயர்கள் தொப்பையும் தொந்தியுமாகச் சப்பிக்கொண்டு மணலில் பரந்தன. ராபின்சன் வண்டியை எடுத்தான். எங்கே திணறியதோ அதே மேட்டில் ஜீப் சரசரவென்று ஏறிப்போனது! அவன் முகத்தில் அன்றைக்கு முதன்முறையாகக் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. கிரேஸ்லினுக்கும் நம்பிக்கை வந்தது. இந்த ஓட்டத்தில் போனால் அவனைப் பார்த்துவிடலாம், பார்த்ததும் முதலில் நாலு திட்டு திட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கேம்புக்குப் போகும் குறுக்கு வழியை அண்ணாச்சி காட்டக் காட்ட, மேடும் பள்ளமுமாக வெகுதூரம் போனார்கள். வெயில் ஏறி, காற்று அடுப்பங்கரை அனலாக அடித்தது. "அந்தா! வெள்ளையா! அண்ணன் வண்டி!" என்று ராபின்சன் கூவினான்.

பிக்கப் அச்சு வரை மணலில் இறங்கிக் கிடந்தது. கிரேஸ்லின் ஜீப் நிற்கும் முன்பே குதித்து ஓடினாள். ஜன்னலில் பொன்சிங்கின் கைலி நிழலுக்காகக் கட்டியிருந்தது. உள்ளே இசக்கிமுத்து சுருண்டு கிடந்தான். நாடி ஓடியது. நூலாக ஓடியது, ஆனாலும் ஓடியது! அவனுக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கள். ஒன்றில் இன்னும் கால்வாசி மீதம் இருந்தது. டிரைவர் இருக்கையில் யாருமில்லை.

உதட்டில் தண்ணீர் பட்டதும் இசக்கிமுத்து கண் திறந்தான். "சிஸ்டர்... அண்ணன் நேத்தே நடந்து போயிட்டாவ. புயலு வாரதுக்கு மின்ன. ரோட்டுல ஆளு கூட்டியாரேன்னு."

"தண்ணி கொண்டு போனாவளா?"

அவன் பாட்டில்களைப் பார்த்து அழுதான்.

கிரேஸ்லின் கீழே இறங்கினாள். சக்கரத்தைச் சுற்றிக் கையாலேயே மணலை அள்ளியிருந்த அடையாளம் புயலுக்குப் பிறகும் குழியாகத் தெரிந்தது. டயரைப் பெருவிரலால் அமுக்கினாள். கல்லாக இருந்தது. அண்ணாச்சி மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "முப்பத்திரண்டு பவுண்டு" என்று முணுமுணுத்தார். "பாவிப்பய, காத்தை விடவேயில்லையே."

"நான் சொன்னேன்," என்றான் இசக்கிமுத்து உள்ளேயிருந்து. "காத்தை விட்டுப் பாருங்கண்ணேன்னு சொன்னேன். அந்தக் குட்டி மெஷினைக் கையில எடுத்துப் பாத்துட்டு, 'விட்டா யாருல நிரப்புவா? உன்னைய வச்சுக்கிட்டு கல்லுல சிக்கிக்கிட்டா என்ன செய்ய'ன்னாவ. அப்புறம் மத்தியானம் வரை தோண்டிக்கிட்டே கெடந்தாவ."

கிரேஸ்லின் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். காற்றை விட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. நிரப்ப வழியில்லாதவனுக்கு விடவும் மனம் வராது என்பது அவளுக்கு அந்த இடத்தில்தான் புரிந்தது.

மூவரும் உயரமான மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டார்கள். ஹாரன் அடித்தார்கள். கால்தடம் ஒன்றுகூட மிச்சமில்லை, புயல் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தது. நாலு பக்கமும் ஒரே மாதிரி மணல். கீழே இசக்கிமுத்து பிதற்றத் தொடங்கினான்.

"இவனை ஜீப்புல ஏத்துங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் கிரேஸ்லின்.

"மைனி! அண்ணனைத் தேட வேண்டாமா?"

"இவன் மத்தியானம் தாங்க மாட்டாம்ல."

"அது எங்க அண்ணன் மைனி!"

"எனக்குப் புருஷன்!" அவள் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கினாள். "தண்ணிய இவனுக்குக் குடுத்துட்டுப் போயிருக்காவ. இவனைச் சாகக் குடுத்துட்டு அவிய மொகத்துல எப்படில முழிப்பேன்?"

"அப்ப நான் இங்க நிக்கேன். நடந்து தேடுதேன்."

"இன்னொரு ஆளை இந்த மண்ணுக்குக் குடுக்க மாட்டேன். ஏறு!"

அவன் அழுதுகொண்டே ஏறினான். கைலியை மட்டும் அவள் அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். வழிநெடுக அண்ணாச்சி ஹாரனை விடாமல் அடித்தபடி ஓட்டினார். இடப்பக்கம் ராபின்சனும் வலப்பக்கம் அவளுமாகக் கண்ணை இமைக்காமல் பார்த்தபடி வந்தார்கள். ஒரு நிழல்கூட அசையவில்லை.

கல் பொட்டலின் விளிம்பில் ஜீப் நின்றது. இந்தத் தொந்தி டயர்களோடு கல்லில் ஏறினால் நாலும் நாராகக் கிழியும், ஸ்டெப்னியோ ஒன்றுதான். அண்ணாச்சி பானட்டைத் திறந்து பேட்டரியில் கிளிப்புகளை மாட்டினார். மெஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியது. கிரேஸ்லின் குழாயைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மணல் பக்கம் திருப்பிக் குந்தியிருந்தாள். முதல் டயர் எழுந்தது. இரண்டாவது எழுந்தது. பொன்சிங்கின் மெஷின் இந்த இடத்தில் செத்திருக்கும். மூன்றாவதில் இது தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய்ந்தது.

"நின்னுராத, நின்னுராத" என்று ராபின்சன் தன் சட்டையைக் கழற்றி அதற்கு நிழல் பிடித்தான். காலையில் எதற்காக அண்ணி மேல் எரிந்து விழுந்தானோ, அந்த மெஷினிடமே இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தான். அது நிற்கவில்லை. நாலாவது டயரும் நிமிர்ந்தது! கல்லும் முள்ளும் பாராமல் ஜீப் பறந்தது. போனில் சிக்னல் வந்ததும் பிக்கப் கிடக்கும் இடத்தைப் போலீசுக்குச் சொன்னார்கள்.

இசக்கிமுத்து பிழைத்தான். கொஞ்சம் பிந்தியிருந்தாலும் காலும் போயிருக்கும், ஆளும் போயிருப்பான் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் அவர்கள் கையைப் பிடித்துக் கொண்டாடினார்கள். கிரேஸ்லின் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று மணல் இருந்த திசையையே பார்த்தாள்.

மறுநாள் ஹெலிகாப்டர் பொன்சிங்கைக் கண்டுபிடித்தது. ஒரு முள்மரத்தடியில் கிடந்தான். ஜீப் போன வழியிலிருந்து கூப்பிடு தூரம்தான், நடுவில் ஒரு மணல்மேடு. அவள் கடைசி வரை கேட்க அஞ்சிய கேள்வியை ராபின்சன் கேட்டான். டாக்டர் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். அவர்கள் தேடிப் போனதற்கு முந்தின நாள் சாயங்காலமே, புயலிலேயே உயிர் போய்விட்டது. அவர்கள் கடையில் நின்ற அந்த அரை மணி நேரம் எதையும் மாற்றியிருக்காது. ராபின்சன் அண்ணியின் காலடியில் உட்கார்ந்து தேம்பினான்.

தவசி அண்ணாச்சி அன்றிலிருந்து, மெஷின் கேட்டு வருகிறவர்களிடம், "எங்க போற வண்டி? மணலா, ரோடா?" என்று கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. கிரேஸ்லினைப் பார்க்கும்போதெல்லாம், "நான்தானம்மா அதை வித்தேன்" என்பார். "வேண்டாம்னு சொல்லித்தான வித்திய" என்பாள் அவள்.

பொன்சிங்கை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கதவைத் தட்டிக்கொண்டு இசக்கிமுத்து வந்து நின்றான். கக்கத்தில் ஊன்றுகோல், கையில் சப்பிப்போன பந்து. பின்னால் குடியிருப்பு ஆட்கள் தயங்கி நின்றார்கள்.

"சிஸ்டர், ஒண்ணும் நினைக்காதிய. அண்ணன் போனதுலருந்து நாங்க ஆடல. அதான்..."

பிக்கப்பிலிருந்து போலீஸ் எடுத்துக் கொடுத்த சாமான்கள் கட்டிலுக்கு அடியில் அவிழ்க்காமலே இருந்தன. அவள் குனிந்து பையை அவிழ்த்தாள். அந்தக் குட்டி மெஷினை எடுத்து சார்ஜில் போட்டாள். அது ஏறும் வரை எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள்.

பிறகு பந்தில் ஊசியைச் சொருகிப் பொத்தானை அமுக்கினாள். மெஷின் ரீங்கரித்தது. பந்து கொஞ்சம் கொஞ்சமாக உருண்டு திரண்டு அவள் மடியில் நிறைந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

"பந்துக்கு இது போதும்" என்று சொல்லி இசக்கிமுத்துவிடம் நீட்டினாள்.